ஆரஞ்சு கிரெசென்ட் ரேஸ் சைக்கிள்: எந்த மாடல், எந்த வருடம், எப்படித் தேற்றுவது?

வடகடல் (கோதன்பர்க்)

எல்லோருக்கும் வணக்கம். லொப்பிஸ் என்று இங்கே சொல்லும் பழைய சாமான் சந்தையில் 600 குரோனருக்கு ஒரு ரேஸ் சைக்கிள் எடுத்தேன். கிரெசென்ட். ஆரஞ்சு நிறம், சீட் குழாயில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டை, பக்கத்தில் 'உலக சாம்பியன் சைக்கிள்' என்று ஸ்வீடிஷில் எழுத்து. போர்க்கின் கீழ்முனை குரோம். விற்ற அம்மா, தன் பெரியப்பா ஓட்டியது, 60களின் கடைசியில் வாங்கினார் என்றார்.

முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 5. கிராங்க் அலுமினியம், கம்பன்யோலோ என்று பொறித்திருக்கிறது. பின் டீரெய்லர் (செயினைத் தள்ளி கியர் மாற்றும் பாகம்) மட்டும் ஷிமானோ. முன் சக்கரத்தில் ஒட்டுகிற டியூபுலர் டயர். பின் சக்கரம் இரும்பு ரிம், 27 x 1 1/4 டயர். குழாயின் தரம் சொல்லும் ஸ்டிக்கர் சுரண்டிப்போய்விட்டது. ஹேண்டில் ஸ்டெம் அசையவே மாட்டேன் என்கிறது.

இது பெரிய மாடலா, சாதாரண மாடலா? பெயின்ட் அடிக்கலாமா? ஓட்டத்தான் ஆசை, சுவரில் மாட்டுவதற்கு இல்லை.

புதுரிம்

ஆரஞ்சு கிரெசென்ட் என்றால் நல்ல விலை போகுமாமே. துடைத்து பிளாக்கெட் விளம்பரத் தளத்தில் விற்பனைக்குப் போட்டுவிடுங்கள் நண்பா :)

உப்சாலாக்காரன்

நிறத்தைப் பார்த்து விலை சொல்லக் கூடாது. அந்த ஆரஞ்சுதான் இந்த விஷயத்தில் பாதிப் பேரை ஏமாற்றுவது.

கதை இதுதான். மேற்கு ஸ்வீடனில் வோர்கோர்தா பக்கம் ஃபோக்லூம் என்ற சிற்றூர். அங்கே பெத்தெர்ஷன் குடும்பத்துச் சகோதரர்கள் நாலு பேர்: யோஸ்தா, ஸ்தூரே, எரிக், தோமாஸ். அமெச்சூர் உலகப் போட்டியில் அணி நேர ஓட்டத்தை 1967, 1968, 1969 என்று மூன்று வருடமும் இந்த நாலு பேரே ஜெயித்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெள்ளி. யோஸ்தா பிறகு தொழில்முறைக்குப் போய் 1971ல் இத்தாலியின் ஜிரோவையே வென்றார். அவர்கள் ஓட்டியது கிரெசென்ட். கம்பெனி விடுமா? 'உலக சாம்பியன்' எழுத்தையும் ஆரஞ்சையும் பந்தய வண்டியோடு நிறுத்தாமல், பள்ளிக்கூடப் பையன் ஓட்டும் சாதாரண 10 கியர் வண்டி வரைக்கும் போட்டு விற்றார்கள். எழுத்து இருப்பதால் வண்டி 1967க்கு முந்தியது இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் அந்த எழுத்து எதையும் நிரூபிக்காது.

இன்னொன்று. மொனார்க்கோடு சேர்வதற்கு முன்பு கிரெசென்ட் எங்கள் ஊர் உப்சாலாவின் நீமான் கம்பெனி பிராண்டு. ஹெர்மெஸும் அவர்களுடையதுதான். 60களின் தொடக்கத்தில் நீமானும் வார்பெரி ஊர் மொனார்க்கும் ஒன்றாகி மொனார்க்-கிரெசென்ட் ஆனது. அதன்பிறகு பெயர் இரண்டாக இருந்தாலும் வீடு ஒன்று. அதனால் உங்கள் வண்டியை அந்தக் காலத்து மொனார்க் ரேஸ் வண்டிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேல்வரிசையில் 320 என்ற எண்ணோடு பெபிட்டா ஸ்பெஷல் இருந்தது. ரெய்னால்ட்ஸ் 531 என்ற உயர்தர எஃகுக் குழாய், கம்பன்யோலோ பாகங்கள். உங்களுடையது அதுவா என்பதை பெயின்டிடம் கேட்காமல் இரும்பிடம் கேட்க வேண்டும்.

கோட்டம் (கோயம்புத்தூர்)

சரியாகச் சொன்னீர்கள் உப்சாலா. வடகடல் தம்பி, நான் சொல்வதைப் பார்த்து வந்து சொல்லு. வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும், டேப் போதாது.

முதலில் பின் ஆக்சில் உட்காரும் காது. அது கனமான அடித்த இரும்பா, தகட்டை வெட்டியதா? டீரெய்லர் மாட்டும் கொக்கி காதோடு சேர்ந்தே இருக்கிறதா, தனித் தகடாக நட்டில் முடுக்கியிருக்கிறதா? தகடாக இருந்தால் மேற்கொண்டு கனவு காண வேண்டாம், நடுத்தர வண்டி.

சீட் போஸ்டை உருவி அதன் விட்டத்தை அளந்து பார். நடுவில் மெலிந்த, முனைகளில் தடித்த 531 குழாயில் இங்கிலீஷ் அளவு என்றால் 27.2 மில்லிமீட்டர் போகும். சாதாரண குழாய் சுவர் தடிமன், அதனால் உள்விட்டம் குறைந்து 26 சொச்சத்தில் நிற்கும். ஆனால் போஸ்ட்டை முன்னாடி யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் குழாயின் உள்விட்டத்தையும் தனியாக அள.

கிராங்கைப் பார். ஐந்து பல்சக்கர போல்ட் இருக்குமே, பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுவுக்கு நடு தூரம் எவ்வளவு? கம்பன்யோலோவின் போல்ட் வட்டம் 151 மில்லிமீட்டரில் இருந்து 144க்கு மாறியது 1967, 68 வாக்கில். 144 என்றால் அந்தத் தூரம் 84.6 வரும், 151 என்றால் 88.8.

சக்கர ஹப்பின் கோன் மேல் இருக்கும் லாக் நட்டைத் துடைத்துப் பார். கம்பன்யோலோ ரெக்கார்டு என்றால் அதில் CAM என்ற எழுத்தோடு வருடத்தின் இரண்டு எண் குத்தியிருக்கும். ஷிமானோ டீரெய்லரின் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், அதையும் எழுதிக் கொண்டு வா.

எல்லாவற்றுக்கும் மேலே இது: ஹெட் குழாய்க்குப் பின்னால், மேல் பாரும் கீழ் பாரும் லக்கை (குழாய்களைச் சேர்க்கும் இரும்பு மூட்டு) தொடும் இடத்தின் அடிப்புறத்தில் விரல் வைத்துத் தடவு. பெயின்டில் குறுக்கே மயிரிழை விரிசலோ, தோல் மடிந்ததுபோல் சின்ன அலையோ தட்டுப்பட்டால் வண்டி எங்கோ நேராகப் போய் மோதியிருக்கிறது. அப்படி இருந்தால் மிச்சக் கேள்விகளுக்கு அவசியமே இல்லை.

பனிப்பாதை (ஒஸ்லோ)

நோர்வேயில எங்கட ஆட்களிட்ட பழைய டிபிஎஸ் சைக்கிள்தான் கூட, சான்னெஸ் நகரத்தில செய்தது. அதிலயும் இதே பிரச்சினைதான், மேல தடவிற நிறமும் ஸ்டிக்கரும் ஒண்டு, உள்ள இரும்பு வேற. கோட்டம் அண்ணை சொன்ன காதை முதலில் பாருங்கோ தம்பி, மற்றதெல்லாம் பிறகு.

மொனார்க் எண்டால் எனக்கு வேலையிடம்தான் ஞாபகம் வரும். உடற்பயிற்சி ஆய்வுகூடங்களில இருக்கிற நின்ற இடத்திலேயே மிதிக்கிற வண்டி அவங்கட பெயரிலதான். எர்கோமீட்டர். ரேஸ் வண்டியை விட அதுதான் உலகத்தில கூட ஆட்கள் மிதிச்சது எண்டு நான் நினைக்கிறன்.

வடகடல்

பார்த்துவிட்டேன். கீழ்ப்பக்கம் தடவியதில் பெயின்ட் வழவழ, அலை எதுவும் இல்லை. காது கனமான இரும்பு, கம்பன்யோலோ பெயர் குத்தியிருக்கிறது, பின்பக்கம் திருகி ஆக்சிலை நேராக்கும் சின்ன ஸ்குரூவும் இருக்கிறது. கொக்கி சேர்ந்தே இருக்கிறது. போல்ட் தூரம் 84.6. முன் ஹப் லாக் நட்டில் CAM 69. குவிக் ரிலீஸ் கம்பி நேராக இருக்கிறது, வளைவு இல்லை. பின் ஹப்பில் எந்தப் பெயரும் இல்லை. ஷிமானோவில் ED.

சீட் போஸ்ட் 26.8. ஆனால் உள்விட்டம் 27.2ஐத் தொடுகிறது, போஸ்ட்டைச் சுற்றி ஒரு தகரத் துண்டு சுற்றியிருந்தார்கள்.

கோட்டம் (கோயம்புத்தூர்)

அந்தத் தகரத் துண்டுதான் பெரிய சாட்சி. யாரோ சின்ன போஸ்ட்டை வைத்து தகரம் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறார். போஸ்ட்டை மட்டும் பார்த்திருந்தால் இது சாதாரணக் குழாய் என்று தூக்கிப் போட்டிருப்போம்.

ஷிமானோ எழுத்தில் முதலாவது வருடம், இரண்டாவது மாதம். A என்றால் 1976, அப்படியே எண்ணினால் E 1980. D ஏப்ரல். ஆக பின் டீரெய்லர் 1980 ஏப்ரலில் செய்தது, வண்டியோடு பிறந்ததில்லை. பின் சக்கரமும் அதே சமயத்தில் மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வருடத்துக்கு வருவோம். CAM 69 என்பது நட்டு செய்த வருடம். அது வண்டியில் ஏற பல மாதம் ஆகலாம், அதற்கு முன்பு ஏறியிருக்க முடியாது. 144 கிராங்க் ஒத்துப்போகிறது. நேரான குவிக் ரிலீஸ் கம்பியும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும், 70களில் வளைந்த கம்பி வந்துவிட்டது. அந்த அம்மா சொன்ன 60களின் கடைசியோடு பெரிய முரண் இல்லை, 1969 முடிவில் இருந்து 1971க்குள் என்று வைத்துக்கொள்.

உப்சாலாக்காரன்

ஒத்துக்கொள்கிறேன். கட்டப் பட்டை, கம்பன்யோலோ காது, 27.2 மூன்றும் சேர்ந்தால் பெபிட்டா ஸ்பெஷல் வகையைச் சேர்ந்தது என்று நம்பலாம். ஆனால் விற்கும்போது 'நிச்சயம் 320' என்று எழுத வேண்டாம், சுரண்டிய ஸ்டிக்கரின் மிச்சத்தைப் படம் எடுத்துப் போட்டால் வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்வார். வண்டி நம்பரை வைத்து வருடம் கணக்குப் போடும் ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் கோட்டம் அண்ணே சொன்ன லாக் நட்டைக் காட்டுங்கள்.

புதுரிம்

அப்போ நான் சொன்னது சரிதானே, விலை போகும் :)

உப்சாலாக்காரன்

பாதி சக்கரம் போன வண்டிக்கு என்ன விலை? பின் ஹப் வேறு, டீரெய்லர் வேறு. அவர் ஓட்டத்தான் கேட்கிறார்.

வடகடல்

விற்கும் எண்ணம் இல்லை. ஸ்டெம்தான் இப்போதைய தலைவலி. மேல் போல்ட்டைக் கழற்றி ரப்பர் சுத்தியால் தட்டினேன், உள்ளே ஆப்பு கழன்று இறங்கிவிட்டது, ஆனால் ஸ்டெம் அசையவில்லை. ஹீட் கன் இருக்கிறது, சூடு காட்டவா?

கோட்டம் (கோயம்புத்தூர்)

சூடு வேண்டாம் தம்பி. ஸ்டெம் அலுமினியம், போர்க் குழாய் இரும்பு. சூடு காட்டினால் அலுமினியம் இரும்பை விட இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். பெயின்ட்டும் போகும்.

ஆப்பு கழன்றது நல்லது, இல்லையென்றால் முதல் வேலையே அதுதான். இப்போது வண்டியைத் தலைகீழாக நிறுத்து. போர்க் மேல்முனைக் குழாயின் அடிவாயில் ஒரு ஓட்டை இருக்கும், பிரேக் போல்ட் போகிற இடம். முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு அதன் வழியாக ஊடுருவும் எண்ணெய் விடு. ஒரு நாள் முழுக்க ஊறட்டும். மறுபடி விடு. இங்கே உப்புக்காற்று ஊரில் இருந்து வரும் வண்டிகளுக்கு இதுதான் வைத்தியம், அங்கே சாலையில் பனிக்காலத்தில் உப்பு கொட்டுகிறார்களே, அதே கதைதான்.

அப்புறம் முன் சக்கரத்தை மாட்டி, அதைத் தொடைக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஒரேயடியாக முறுக்கினால் போர்க் காது வளைந்துவிடும். கட் என்று ஒரு சத்தம் வரும், அதுதான் உடைந்த ஒட்டு.

காஸ்டிக் சோடா போட்டு அலுமினியத்தைக் கரைக்கச் சொல்பவர்கள் வருவார்கள். அது ஹைட்ரஜனைக் கிளப்பும், கண்ணுக்குப் போனால் பார்வை போகும். கடைசிக்கும் கடைசி.

பனிப்பாதை (ஒஸ்லோ)

குளிர்காலத்துக்குப் பொறுக்கலாம் எண்டால் இன்னொண்டு இருக்கு. ராத்திரி பால்கனியில விட்டால் அலுமினியம் இரும்பை விடக் கூடச் சுருங்கும். மைனஸ் 10, 15 வாற நாளில காலம எழும்பி உடன திருப்பிப் பாருங்கோ. எண்ணெய் ஏற்கனவே உள்ள போயிருந்தால் சும்மா கழரும். எங்கட பனிக்கு ஒரு நல்லது இருக்கு எண்டு அப்பதான் தெரியும்.

வடகடல்

எண்ணெய் மட்டுமே போதுமானது. இரண்டு தடவை ஊறப்போட்ட பிறகு 'கட்' வந்தது, வெளியே வந்துவிட்டது. நன்றி கோட்டம் அண்ணே. உள்ளே வெள்ளையாகப் பொடி பொடியாக இருந்தது.

இப்போது பெயின்ட்டு. ஆங்காங்கே துரு, மேல் பாரில் இரண்டு சிராய்ப்பு ஆழமாக இருக்கிறது. பவுடர் கோட்டிங் இங்கே கடைகளில் எளிதாகச் செய்கிறார்கள், புது ஸ்டிக்கரும் கிடைக்கும். செய்துவிடவா?

கோட்டம் (கோயம்புத்தூர்)

நான் செய்வேன். துரு போகும், நல்லா பளிச்சென்று இருக்கும், இன்னும் இருபது வருடம் கவலை இல்லை.

உப்சாலாக்காரன்

வேண்டவே வேண்டாம் அண்ணே! பவுடர் கோட்டிங்குக்கு முன் மணல் வீசி ஆரஞ்சை அடியோடு எடுப்பார்கள். லக்கின் ஓரம் இருக்கிறதே, ஒரு நூல் அளவுக்கு மெலிதாக ராவி எடுத்த ஓரம், பவுடர் படிந்தால் அது மூழ்கிப்போகும். நிறைய பேரிடம் மூழ்கிப்போன லக்கோடு பளபளக்கும் வண்டி இருக்கிறது. ஸ்டிக்கர் புதிதாகக் கிடைக்கும், 1970ல் வார்பெரியில் அடித்த பெயின்ட் கிடைக்காது. அதில் உள்ள சிராய்ப்பு அந்தப் பெரியப்பா போட்டது, அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?

கோட்டம் (கோயம்புத்தூர்)

அருங்காட்சியக ஆள் மாதிரிப் பேசாதீர்கள், அவர் மழையில் ஓட்டப் போகிறார். துருவை அப்படியே விட்டால் பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். அதையும் சொல்லுங்கள்.

உப்சாலாக்காரன்

சொல்கிறேன். துருவை எடுக்க ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை மேசைக்கரண்டி போதும். துருப்பிடித்த இடத்தில் அந்தத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுச் சில மணி நேரம். மஞ்சளாக ஓடி இரும்பு தெரியும். ஆரஞ்சு பெயின்ட்டை அது பொதுவாகக் கெடுக்காது, ஆனால் ஸ்டிக்கர் பக்கம் போக வேண்டாம், முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் மறுபடி துரு. அந்த அமிலம் விஷம், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். வெளிவந்த இரும்பில் ஒரு துளி ப்ரைமர், பொருந்துகிற ஆரஞ்சைத் தூரிகையால் தொட்டு நிரப்பு, மேலே மெழுகு. முழு பெயின்ட்டையும் எடுக்க வேண்டிய தேவையே வராது.

குழாயின் உட்புறம்தான் முக்கியம். காருக்கு துரு தடுக்கத் தெளிக்கும் டினிட்ரோல் மாதிரி மெழுகை நீண்ட குழல் வைத்து நாலு குழாய்க்குள்ளும் தெளியுங்கள். பழையவர்கள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றி வண்டியைப் புரட்டி வடிப்பார்கள், அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வாசனை மட்டும் நாள் கணக்கில் வீட்டைச் சுற்றும்.

கோட்டம் (கோயம்புத்தூர்)

சரி, உள்பக்கம் தெளித்தால் நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு முன்பு முழு ஓவராயில். பிபி (கிராங்க் அச்சு சுழலும் பெட்டி) கப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கப் முகத்தில் 1.37 x 24 என்று இருந்தால் இங்கிலீஷ் மரை, 36 x 24 இத்தாலி, 35 x 1 பிரெஞ்சு. இங்கிலீஷில் வலப்பக்கக் கப் தலைகீழ் மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழரும். மற்ற இரண்டிலும் வலப்பக்கமும் சாதாரண மரைதான். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரை தேய்ந்தால் அப்புறம் வெல்டிங் பட்டறைதான். பெட்டிக்கு 68 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ், 70 என்றால் இத்தாலி.

கிராங்கை இழுக்கும் கருவி வாங்கும்போது கவனி. கம்பன்யோலோ கிராங்குக்கு 22 மில்லிமீட்டர் மரை. ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மாட்டிவிட்டுத் திருகினால் கிராங்க் மரை போய்விடும்.

பழைய பால்ரஸ் குண்டை எண்ணி வைத்துக்கொண்டு புதிது போடு. பிபியில் பக்கத்துக்கு 11, கால் அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அதுவும் கால் அங்குலம். முன் ஹப்பில் அளவு மாறும், கழற்றி ஒன்றை அளந்து வாங்கு. கோனில் பள்ளம் விழுந்திருந்தால் குண்டு புதிதாக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை.

வடகடல்

68, முகத்தில் 1.37 x 24. கப் கழன்றது, உள்ளே கிரீஸ் மெழுகாகிக் கட்டியாக இருந்தது, ஆனால் பரப்பு வழவழப்பாக இருக்கிறது. கோனும் நன்றாக இருக்கிறது.

பின் சக்கரம் என்ன செய்வது? ஹப் இடைவெளி 120 இருக்கிறது. முன்னால் டியூபுலர், பின்னால் 27 என்று இரண்டு அளவாக ஓட்டப் பிடிக்கவில்லை. டியூபுலர் ஒட்டும் வேலை கற்க வேண்டுமா?

கோட்டம் (கோயம்புத்தூர்)

ஓட்டப் போவது தினமும் என்றால் டியூபுலர் வேண்டாம். பழைய டியூபுலர் டயரை எப்படியும் ஓட்டக் கூடாது, பசை காய்ந்து வளைவில் கழன்றால் விழுவாய். முன் ஹப் பொக்கிஷம், அதை வைத்து 700சி, அதாவது 622 மில்லிமீட்டர் ரிம்மில் புதிதாக ஸ்போக் கோர்த்து விடு. ஸ்போக்கை ஒரே இழுப்பில் இழுக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறி டென்ஷன் ஏற்றிக் கோட்டம் எடுக்க வேண்டும்.

பின்னால் 120 இடைவெளியிலேயே 5 வேக பிரீவீலுக்கான நல்ல பழைய ஹப் கிடைக்கும், அதை எடு. 126ஆக விரிக்கலாம் என்று சொல்வார்கள், இரும்பு பிரேம் என்பதால் முடியும், ஆனால் இந்த வண்டியில் எதற்கு?

அதற்கு முன்னாடி பிரேம் நேராக இருக்கிறதா என்று பார். பின் காதில் ஒரு நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டு போய் இழுத்துக் கட்டு. சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் எத்தனை இடைவெளி? 1 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் கவலை இல்லை.

பனிப்பாதை (ஒஸ்லோ)

பிரேக்கையும் பாருங்கோ. 27 அங்குல ரிம் 630, 700சி 622. ஆரத்தில 4 மில்லிமீட்டர் குறையும். பிரேக் கட்டையை கீழ இறக்க ஓட்டையில இடம் இருந்தால் சரி. டியூபுலர் ரிம் அதே 622 அளவுக்குத்தான், அதனால் இந்த வண்டிக்கு உண்மையில 622தான் பிறப்பு அளவு, பின் சக்கரம்தான் வந்தேறி.

வடகடல்

நூல் சோதனையில் 1 மில்லிமீட்டர் கூட வரவில்லை. பின் பிரேக் கட்டை நடுவில்தான் நிற்கிறது, இறக்கத் தாராள இடம் இருக்கிறது. கட்டை கல்லாகிவிட்டது, புதிது போடுகிறேன்.

பழைய கம்பன்யோலோ டீரெய்லர் தேடிப் போடவா, ஷிமானோவே இருக்கட்டுமா?

உப்சாலாக்காரன்

1980 முதல் இந்த வண்டியில் இருக்கிறது. கியர் சுத்தமாக மாறுகிறதென்றால் ஷிமானோவே இருக்கட்டும். கம்பன்யோலோ தேடினால் உங்கள் 600 குரோனர் சிரிக்கும்.

அடுத்த ஜூனில் வெத்தெர்ன்ருண்டனுக்குப் பதிவு செய்யுங்கள். 1966ல் தொடங்கியது, வெத்தெர்ன் ஏரியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்து கிரெசென்ட்டில் சுற்றி வருபவர்களை மூத்தாலா கரையில் பார்க்கலாம்.

புதுரிம்

300 கிலோமீட்டரா! ஆளை விடுங்கள். அப்படியே ஒரு கேள்வி, ஸ்வீடனில் ஒரு பிளாஸ்டிக் சைக்கிள் செய்தார்களாமே, அது கிடைத்தால் வாங்கலாமா?

உப்சாலாக்காரன்

இத்தேரா. 1982ல் வில்ஹெல்மினாவில் செய்தார்கள், ஒரு சில வருடங்களில் மூடிவிட்டார்கள். வேடிக்கைக்காக வாங்கலாம். மிதித்தால் ஹேண்டில் தனியாக ஆடும் என்கிறார்கள். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இங்கே கிரெசென்ட் பேசுவோம்.

கோட்டம் (கோயம்புத்தூர்)

வடகடல், 27.2 போஸ்ட் வாங்கிவிட்டாயா? தகரத்தை மறுபடி சுற்றி விடாதே. அப்புறம் ஸ்டெம்முக்கும் போஸ்ட்டுக்கும் மறக்காமல் கிரீஸ் தடவித்தான் போட வேண்டும்.

வடகடல்

வாங்கியாயிற்று, கிரீஸும் போட்டாயிற்று. பின் ஹப் ஒன்று மால்மோவில் இருந்து வருகிறது, ரிம் வந்ததும் ஸ்போக் கோர்க்கிறேன். நீளக் கணக்கு கேட்டு மறுபடி தொந்தரவு செய்வேன்.

கோட்டம் (கோயம்புத்தூர்)

கேள். ஹப் கையில் வந்த பிறகு ஃபிளாஞ்சு (ஸ்போக் கோர்க்கும் வட்ட விளிம்பு) விட்டமும் ஓட்டை எண்ணிக்கையும் போடு, அதற்கு முன்பு ஸ்போக் வாங்காதே.